நடக்காத போட்டிக்கு டெல்லி போனோம்

மார்ச் மாதத்தில் டெல்லி இப்படிக் குளிரும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கியதும் என்னுடைய அணியின் பன்னிரண்டு பெண்களும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு ஒட்டி ஒட்டி நின்றார்கள். பாண்டி சார் மட்டும் கைக்குட்டையை முக்கோணமாக மடித்து மூக்கின்மேல் கட்டியிருந்தார்.

"சார், பேங்க்ல கொள்ளையடிக்கப் போறீங்களா?" என்று முத்துமாரி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கொரோனா அப்போது எங்களுக்கு டிவியில் வரும் வெளிநாட்டுச் செய்தி. கிளம்பிய அன்றுகூட எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்கவில்லை.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். கல்லூரி அணிகளுக்கான அகில இந்திய கோ-கோ போட்டிக்கு எங்கள் அணி தேர்வாகியிருந்தது. பாண்டி சார் கணிதத் துறை. ஆண் துணை ஒருவர் இருக்கட்டும் என்று பிரின்சிபால் அனுப்பிவைத்தவர். வழி நெடுக அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டே வந்தார். முத்துமாரி கேப்டன். மூன்றாம் ஆண்டு வரலாறு. அப்பா லாரி கிளீனர். போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அவளுக்கு அகில இந்திய அளவில் ஆடிய சான்றிதழ் ஒன்று வேண்டியிருந்தது. படிப்பு முடியப்போகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு என்பது அணியில் எல்லோருக்கும் தெரியும்.

மைதானத்தை ஒட்டிய விடுதியில் தங்க இடம் தந்தார்கள். ஒரு நீண்ட கூடத்தில் இரும்புக் கட்டில்கள். எதிர் வரிசையில் மணிப்பூர் அணி. அவர்களுடைய பெண் பயிற்சியாளர் மெம்சாவுக்கு என் வயதுதான் இருக்கும். குட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் விசில். என்னைப் போலவே அவரும் தூங்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று பிறகு தெரிந்தது. இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். சாயங்காலத்துக்குள் பெண்கள் எங்களை மிஞ்சிவிட்டார்கள். மணிப்பூர்ப் பெண்கள் எங்களவர்களுக்கு முடி பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மல்லிகைப்பூ இல்லையே என்று எங்களவர்களுக்கு ஒரே வருத்தம்.

வாசலில் ஒரு வண்டிக் கடையில் சோலே பட்டூரே சாப்பிட்டோம். தட்டை மறைக்கும் அளவுக்கு உப்பிய பட்டூராவைப் பார்த்து எங்கள் அணியின் ஜெனி, "மேடம், இது நம்மூரு பூரிக்கு அப்பா போல" என்றாள். கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியைக் காட்டி, "இந்தச் சூட்டுக்கிட்ட எந்தக் கிருமி வரும்? பயமில்லாம சாப்பிடுங்க" என்று இந்தியில் சொன்னார். எனக்கு இந்தி பேச வராது, ஓரளவு புரியும். பக்கத்தில் நின்ற ஒருவர் உடனே, "நாளைக்கு எல்லாத்தையும் மூடப்போறாங்களாம்" என்றார். கடைக்காரர் கோபமாக ஜல்லிக் கரண்டியைத் தட்டினார். "தினமும் ஒருத்தர் வந்து இதையேதான் சொல்றாங்க."

மறுநாள் காலை தொடக்க விழா. மாநிலப் பலகைகளின் பின்னால் அணிகள் வரிசையாக நின்றன. சுண்ணாம்புக் கோடுகள் புதிதாகப் போடப்பட்டிருந்தன. ஒலிபெருக்கியில் தேசபக்திப் பாட்டு. சிறப்பு விருந்தினர் வரவேண்டிய நேரம் தாண்டிக்கொண்டே போனது. மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போவதைப் பார்த்தேன்.

பாட்டு பாதியில் நின்றது. கோட்டு போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்தார். அரசாங்க உத்தரவு வந்திருக்கிறது, எல்லா விளையாட்டுப் போட்டிகளுக்கும் தடை, இந்தப் போட்டி ரத்து, சாயங்காலத்துக்குள் விடுதியைக் காலி செய்துவிடுங்கள் என்றார். நன்றி சொன்னார். இறங்கிவிட்டார்.

மைதானமே கத்தியது. பஞ்சாப் பயிற்சியாளர் மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். "இந்தப் பசங்க ஒரு வருஷமா மண்ணுல விழுந்து எந்திரிச்சாங்க. ஒரு காகிதத்துல முடிச்சிட்டீங்களா?" என்று கத்தினார். பக்கத்து மாநிலத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு அப்பா, இதெல்லாம் மருந்துக் கம்பெனிகளின் நாடகம் என்று எல்லோரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். கேரள அணியின் பெட்டிகள் ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தன. பந்தல்காரர்கள் மேடையின் துணியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் இன்னும் வரிசை கலையாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

முத்துமாரி அழவில்லை. என்னிடம் வந்து, "மேடம், ஒரே ஒரு மேட்ச் ஆடவிட்டு அனுப்பச் சொல்லுங்க மேடம். தோத்தாலும் பரவால்ல" என்றாள். நான் கோட்டுக்காரரைத் தேடிப்போனேன். அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்காமலேயே கையை விரித்துக் காட்டினார்.

எங்கள் திரும்பும் டிக்கெட்டுக்கு நாள் இருந்தது. முன்னால் போகும் எந்த ரயிலிலும் இடமில்லை. பாண்டி சார் போனும் கையுமாக மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜெனிதான் தன் சித்தி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டாள். ஸ்டெல்லா மார்த்தாண்டத்துக்காரர். டெல்லியில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ். முனிர்காவில் குடியிருக்கிறார்.

"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க டீச்சர். எங்க மேல் மாடி காலியாட்டுதான் கெடக்கு. காலேஜ் எல்லாம் அடச்சாச்சுல்லா, பிள்ளைய எல்லாம் ஊருக்குப் போயாச்சு. வீட்டு ஓனர்ட்ட நான் பேசுகேன்" என்றார் ஸ்டெல்லா.

நான் போனை வைத்தபோது மெம்சா எதிரில் நின்றார். அவர்களுக்கும் போக இடமில்லை. அவர்களுடைய ரயில் எங்களுக்கும் பிறகு. "எங்களோடு வாருங்கள்" என்றேன். ஸ்டெல்லாவிடம் கேட்காமல் சொன்னேன்.

மெட்ரோவில் ஏறியதும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. கூட்டமான பெட்டியில் எங்களைச் சுற்றி மட்டும் இடம் விட்டு நின்றார்கள். பெரிய பைகளைப் பார்த்து விலகுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். கல்லூரி மாணவன்போல் இருந்த ஒருவன் மணிப்பூர்ப் பெண்களைப் பார்த்து "கொரோனா" என்று சொல்லிவிட்டுத் தன் நண்பனோடு சிரித்தபோதுதான் புரிந்தது. உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். மணிப்பூர்ப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். மெம்சா கதவுக்கு மேலே இருந்த வரைபடத்தை வெறித்தபடி நின்றார். முத்துமாரி அந்த மாணவனை நோக்கி ஓர் அடி வைத்தாள். மெம்சா திரும்பாமலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

முனிர்காவின் சந்துகளில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. தலைக்கு மேல் மின்கம்பிகள் சிக்கிக் கிடந்தன. இட்லி மாவு விற்கும் கடை ஒன்றையும், மூங்கில் குருத்து ஊறுகாய் விற்கும் கடை ஒன்றையும் தாண்டிப்போனோம். ஸ்டெல்லா வாசலில் நின்றார். ஆள் சின்ன உருவம், குரல் பெரியது. எங்களுக்குப் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் கண்ணை விரித்தார். பிறகு, "அச்சா, இவங்களுமா? செரி, வாங்க" என்றார்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் அதை ஏற்கவில்லை. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்ட பெரியவர். இரும்புக் கதவின் குறுக்கே கையை வைத்தார். "மதராஸிப் பெண்கள் வரட்டும். இவங்க வேண்டாம்."

"அங்கிள், உங்க வீட்டுல போன மாசம் வரைக்கும் நாகாலாந்துப் பசங்க இருந்தாங்களே" என்று ஸ்டெல்லா இந்தியில் கேட்டார்.

"அது போன மாசம். இப்ப பக்கத்து வீட்டுக்காரங்க என்னைக் கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்வேன்?"

பாண்டி சார் என் காதருகே வந்தார். "மேடம், நம்ம பிள்ளைகள முதல்ல மேல ஏத்திருவோம். நமக்கே கதி இல்ல. அடுத்தவங்களுக்கு நாம பொறுப்பெடுக்க முடியாது." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பன்னிரண்டு வீட்டுப் பெண்களை நான்தான் கூட்டிவந்திருக்கிறேன்.

முத்துமாரி தன் பையைச் சந்தில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். "அவங்க ஏறாம நாங்க ஏறல மேடம்" என்றாள். ஜெனி உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சந்து அடைத்துக்கொண்டது. சைக்கிளில் வந்த பால்காரர் மணி அடித்தார். மாடிகளிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. வீட்டுக்காரருக்கு வேடிக்கை பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தினார். தினமும் காலையில் ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் பார்த்துத் தானே அவரிடம் வந்து சொல்வதாகச் சொன்னார். "நான் நர்ஸ். என் வேலைமேல சத்தியமா சொல்றேன்." வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுக் கதவிலிருந்து கையை எடுத்தார். "ஒருத்திக்கு இருமல் வந்தாலும் எல்லாரும் வெளியே."

மூன்று சின்ன அறைகள், ஒரு குளியலறை, இரண்டு அணிகள். எங்கள் புளிச்சோற்றையும் அவர்களுடைய நொதிக்கவைத்த மீன் சட்னியையும் நடுவில் வைத்துச் சாப்பிட்டோம். வாசனைக்கு முகம் சுளித்த பாண்டி சார் ஒரு வாய் வைத்தார். "கருவாட்டுத் தொக்குதானே இது?" என்று மறுபடி கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை இரண்டு அணிகளும் சேர்ந்து வந்து என் முன்னாலும் மெம்சா முன்னாலும் நின்றார்கள். பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது, ஒரே ஒரு ஆட்டம் என்றார்கள். மெம்சா என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஆசை இருந்தது. போனோம். செருப்பால் கோடு இழுத்தார்கள். கம்பத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரண்டு மரம். முதுகில் தட்டிக் "கோ" சொல்லி எழுப்பிவிடும் சத்தம் பூங்கா முழுக்கக் கேட்டது.

முத்துமாரி அன்று ஓடியதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பாள், எட்டும்போது இருக்கமாட்டாள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்று கை தட்டினார். இன்னொருவர், "நாடு எந்த நிலைமையில இருக்கு, தொட்டுத் தொட்டு விளையாடுறீங்களா?" என்று சத்தம்போட்டார். கை தட்டியவருக்கும் அவருக்கும் சண்டை வந்தது. நாங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. வானம்தான் நிறுத்தியது. இருட்டிக்கொண்டு வந்து ஆலங்கட்டி மழை கொட்டியது. மரத்தடியில் ஒதுங்கி நனைந்து நடுங்கினோம். யார் ஜெயித்தார்கள் என்று கடைசிவரை வாக்குவாதம்.

அடுத்த நாள் காலை முத்துமாரிக்குக் காய்ச்சல்.

ஸ்டெல்லா டியூட்டிக்குப் போன பிறகு அது ஏறியிருந்தது. நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. தொண்டை வலி என்றாள். இருமினாள். மூலை அறையில் தனியாகப் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

கீழே யாருக்கோ கேட்டிருக்கிறது. வீட்டுக்காரர் மேலே வந்தார். மூக்கைச் சுற்றி மஃப்ளர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று நேராக மெம்சாவை நோக்கி விரலை நீட்டினார்.

"நான் அன்னைக்கே சொன்னேன். இவங்களைச் சேர்க்க வேண்டாம்னு சொன்னேன். இப்பவே காலி பண்ணுங்க."

மெம்சா என்னைப் பார்க்கவில்லை. தன் பெண்களிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர்கள் பைகளில் துணிகளைத் திணிக்கத் தொடங்கினார்கள். பாண்டி சார் என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பிடியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. பேசாமல் இருந்தால் போதும். நாளைக்கு எங்களுக்கு ரயில்.

"ஹமாரி லட்கி" என்றேன். எனக்குப் பேசத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். மூலை அறையைக் காட்டினேன். "ஹமாரி. இன்கி நஹி." எங்கள் பெண், அவர்களுடைய பெண் இல்லை.

பாண்டி சாரின் கை தளர்ந்து விழுந்தது. வீட்டுக்காரருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு அவருடைய கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை இங்கே எழுத விருப்பமில்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன். மெம்சா மட்டும் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். தோள் தோளில் பட்டது.

அந்தச் சத்தத்தில்தான் ஸ்டெல்லா படியேறி வந்தார். தவறிப்போன அழைப்புகளைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். யாரிடமும் எதுவும் கேட்காமல் மூலை அறைக்குள் போனார். டார்ச் அடித்து முத்துமாரியின் தொண்டையைப் பார்த்தார்.

"மக்ளே, எழும்பு. ஆஸ்பத்திரிக்கிப் போவோம்" என்றார். வாசலுக்கு வந்து வீட்டுக்காரரிடம் நிதானமான இந்தியில், "டாக்டர் என்ன சொன்னாலும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன். ஒருவேளை அதுவா இருந்தா எனக்கும் வந்திருக்கும். உங்க வீட்டுக் குழாயைத்தான் நானும் தொடுறேன். எங்களை வெளியே தள்ளிட்டா அது போயிருமா?" என்றார்.

ஸ்டெல்லாவும் முத்துமாரியும் இறங்கிப்போனதும் வீட்டுக்காரர் படிக்கட்டின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். சாவி அவருடைய சட்டைப் பைக்குள் போனது.

அந்தப் பகல் முழுக்க நாங்கள் உள்ளே இருந்தோம். ஜெனி ஜெபமாலையை உருட்டினாள். பாண்டி சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவையே பார்த்தபடி நின்றார். ஊரிலிருந்து பெற்றோர்கள் போன் செய்தார்கள். முத்துமாரியின் அம்மாவிடம் அவள் குளிக்கிறாள் என்றேன். பூட்டியிருந்ததைவிட அந்தப் பொய்தான் பயமாக இருந்தது. மெம்சா வென்னீர் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்.

சாயங்கால வெளிச்சத்தில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. முத்துமாரி முன்னால் வந்தாள், முகத்தில் மாஸ்க்.

"டான்சில்தானாம்" என்றாள். குரல் கட்டியிருந்தது. வெளிநாடு போய்வந்தவர்களுக்கு மட்டும்தான் அப்போது கொரோனா பரிசோதனை. டாக்டர் தொண்டையைப் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்களாம். "பக்கத்துல நின்ன ஒருத்தர் இருமினாரு. எல்லாரும் ஓடிட்டாங்க மேடம். ஸ்டெல்லா அக்கா மட்டும் அவரப் பிடிச்சு உக்கார வச்சாங்க."

கீழே வீட்டுக்காரரிடம் ஸ்டெல்லா விவரம் சொல்லும் குரல் கேட்டது. அவர் மேலே வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் கதவை மறுபடி பூட்டவில்லை. மணிப்பூர்ப் பெண்கள் துணிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

காலையில் விடைபெறும்போது யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கக்கூடாது என்று ஸ்டெல்லா கட்டளை போட்டிருந்தார். முத்துமாரி கீழ்ப்படிந்தாள். மெம்சா கீழ்ப்படியவில்லை. என்னை இறுக்கிப் பிடித்து, ஆங்கிலத்தில், "நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம்" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கிபோன்ற கருவியை நெற்றிக்கு நேராகப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள். மாத்திரையின் வேகம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவரைத் தனியாக நிறுத்திவிட்டார்கள். அவருடைய மனைவி கெஞ்சிக்கொண்டிருந்தார். முத்துமாரியின் முறை வந்தது. கருவியைப் பிடித்தவர் எண்ணைப் பார்த்தார், மறுபடி பிடித்தார், மறுபடி பார்த்தார். "வெயிலில் நின்றாயா?" என்று கேட்டார். பாண்டி சார் முந்திக்கொண்டு, "ஜி, ஜி, ரொம்ப நேரம்" என்று தமிழும் இந்தியுமாகச் சொல்லிவிட்டார். கை அசைத்து உள்ளே விட்டார்கள். படியில் இறங்கும்போது பாண்டி சாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ரயில் நகரத் தொடங்கியதும் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"வண்டி எடுத்தாச்சா? பிள்ளைக்கு மாத்திரை குடுத்தாச்சா? செரி டீச்சர், நான் போனை வைக்கணும். இன்னைக்கு முதல் எனக்குக் கொரோனா வார்டு."

"உங்களுக்கா?"

"யாரு வாறீங்கன்னு பேர் கேட்டாங்க. குடுத்தாச்சு. இனி நான் வீட்டுக்குப் போகப்பிடாதாம், ஆஸ்பத்திரியிலயே தங்க ஒரு முறி தருவாங்க. அதும் நல்லதுதான். மணிப்பூர்ப் பிள்ளையளுக்கு என் முறியையும் எடுத்துக்கச் சொல்லிருக்கேன், சாவி மெம்சாட்ட உண்டு. ரெயில் ஓடலன்னாலும் இருந்துக்கிடுவாங்க."

அவரை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஆ ரஹி ஹூன்" என்று அவர் இந்தியில் பதில் சொல்வது கேட்டது. வருகிறேன் என்றார். பிறகு இணைப்பு போய்விட்டது.